கயிறு கட்டிய மருதமரம்

என் அன்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் ஆண்டுத்திவசம் நெருங்குகிறது. இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள் இன்றைக்குப் பேனை எடுத்திருக்கிறாள் என்றால் ஏதோ அலுவல் இருக்கிறது என்று விளங்கியிருப்பீர்கள். ஓம், இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேரே கேட்டால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்பதால் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் என் அக்காவின் கணவர். வெள்ளவத்தையில் கால்வாய் ஓரமாகக் குப்பை கொட்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை, ஓய்வூதியக்காரருக்கு வேறு வேலையில்லை என்று ஒழுங்கையில் குடியிருக்கிற அத்தனை பேரும் சிரிக்க, அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்துப் பூங்காவாக மாற்றியவர். நாங்கள் யாரும் அதைப் பூங்கா என்று சொல்வதில்லை. பார்க் என்றுதான் சொல்வோம்.

நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள். கார் தானாகப் போய் மரத்தில் மோதியது என்று வருகிறவரிடம், மரம் எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டே பழகியவள். "பவா, நீ சாமி கும்பிடேக்கையும் ஒரு கண்ணைத் திறந்துதான் வச்சிருப்பாய்" என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். அது உண்மைதான் அத்தான். செருப்பு வெளியே அல்லவா கிடக்கிறது?

பார்க் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் நட்ட இலுப்பைக் கன்று என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டது. கால்வாயில் இருந்து ஏறி வருகிற அந்தப் பெரிய நீருடும்பு, எங்கள் கபரகொய்யா, இப்போதும் காலை வெயிலுக்கு நடைபாதையின் நட்டநடுவில்தான் படுக்கிறது. ஓட வருகிற இளசுகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். மூலை விளக்குக் கம்பத்தில் ஒரு கூழைக்கடா குடிவந்திருக்கிறது. அதற்குக் கீழே வாகனத்தை நிறுத்துகிறவர்கள் பிறகு எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

உங்கள் இடத்துக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள். எதிர் ஒழுங்கையில் இருக்கும் மாலினியை நினைவிருக்கும். சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எங்களுக்கிடையில் வாழ்ந்தே தமிழைப் பிடித்துக்கொண்டவர். உங்கள் செத்தவீடு முடிந்த கையோடு, நீங்கள் பாவித்த நீட்டுத்தடி விளக்குமாற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு அழுதார். அழுகிற மனுஷியிடம் எப்படி மாட்டேன் என்பது? இப்போது நினைத்தால் அந்த அழுகையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். தொடர்மாடியில் தனியாகத்தான் இருக்கிறாள். மகன் கனடாவில் இருந்து கோல் எடுப்பான், வா என்று கூப்பிடுவான், அவள் குளிர் என்று சாட்டுச் சொல்வாள். பின்னேரங்களில் நான் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன். உங்களைப் பற்றி அவள் கதைப்பதில்லை. பார்க் பக்கம் வந்து பார் என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீங்கள் இருந்த காலத்திலேயே அவள் அங்கே கால் வைத்ததில்லை, அது உங்களுக்கே தெரியும். தன் வீட்டுக்காரரை ஞாயிறு தவறாமல் வீட்டில் இருந்து கொண்டுபோன இடம் என்று அவளுக்கு அதன்மேல் ஒரு கோபம்.

இனி முக்கியமான செய்தி. வக்காக்கள் வந்துவிட்டன, அத்தான்.

கறுத்த முதுகும் சிவந்த கண்ணும் உச்சியில் வெள்ளை இழையுமாக, பொழுதுபடுகிற நேரத்தில் கால்வாய்க்கு மேலே கத்திக்கொண்டு போகிற அந்தப் பறவைகளை எனக்குக் காட்டித் தந்தது நீங்கள்தான். எனக்கு அதுவரை எல்லாமே கொக்கு. ஒருநாளைக்கு இதுகள் இங்கே தங்கும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் போன பிறகுதான் வந்தன. அதுவும் எங்கே? கால்வாய்க் கரையில் உங்கள் மருதமரத்தில். அதன் கீழே நீங்கள் உட்கார்கிற நீலப் பிளாஸ்டிக் கதிரை அப்படியே கிடக்கிறது. ஒருவருக்கும் எடுக்க மனம் வரவில்லை. மேலே நாலைந்து கூடுகள், சுள்ளிகளை அள்ளி எறிந்தது போல. மாலினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் விடாமல் கட்டிக்கொண்டு நின்றேன், அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

உங்கள் சட்டப்படியே செய்தோம். கூடு கண்டால் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். குஞ்சு பறக்கும்வரை ஒருவரும் கயிற்றுக்கு உள்ளே போகக் கூடாது. சருகு கூட்டவோ படம் எடுக்கவோ கூடாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாலே தாய்ப்பறவை எழும்பிவிடும் என்று சொல்வீர்கள். வெள்ளைக் கயிறு வாங்கி, தடிகள் நட்டு, உங்கள் கதிரையையும் உள்ளே விட்டுச் சுற்றிக் கட்டினோம். வருகிறவர்கள் எல்லாம் அதைக் கண்டு ஒதுங்கித்தான் போனார்கள்.

ஒருவரைத் தவிர.

ரவீந்திரன் என்று பெயர். வீடு, காணி புரோக்கர். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் எந்தப் பழைய வீடு இடிபட்டு எத்தனை மாடி எழும்பப் போகிறது என்று, இடிக்கிறவனுக்கு முதலே தெரிந்த ஆள். உங்கள் செத்தவீட்டு எட்டாம் நாள் செலவு முடிந்து கொஞ்ச நாளில் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உங்களோடு சேர்ந்து குப்பை பொறுக்கட்டா என்று கேட்டார். எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் ஒரு கேள்வி. கொழும்பில் ஒரு புரோக்கர் சும்மா வந்து குப்பை பொறுக்குவாரா? நிறுவியவர் போய்விட்டார், இடம் இனிக் கேட்பார் இல்லாத இடம் என்று நினைத்துத்தானே வந்திருக்கிறார்?

நான் கவனிக்கத் தொடங்கினேன். எல்லை மதிலை ஒட்டி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடப்பார். காலடியால் அளக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். போனை எடுத்து வாசல் பக்கத்தைப் படம் பிடிப்பார். கால்வாய்ப் பக்கம் வெள்ளம் எவ்வளவு தூரம் ஏறும் என்று ஒருநாள் மாலினியிடம் விசாரித்திருக்கிறார். குப்பை பொறுக்க வந்தவருக்கு வெள்ளத்தின் உயரம் எதற்கு? மாலினியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அனே பவானி, அந்த மனுஷன் நல்லவர் தானே. ஏன் சும்மா சும்மா சந்தேகப்படுறது?" என்றார். நல்லவர்களின் இழப்பீட்டுக் கோவைகளைத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகுதான் அது நடந்தது. கயிற்றின் ஓரத்தில் ஒரு முட்டைக்கோது கிடந்தது. வெளிறிய நீலப்பச்சை நிறம். குஞ்சு பொரித்துப் போட்ட கோது என்று மாலினி சந்தோசப்பட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. உள்ளே மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்த கிழமை இன்னும் கோதுகள். ஒரு கூட்டில் தாயே இல்லை. பிறகு இன்னொன்றிலும் இல்லை. நீங்கள் இத்தனை வருடம் காத்திருந்தும் கூடு கட்டக் காணக் கிடைக்காத பறவைகள் அத்தான். எங்கள் கையில் வந்த முதல் வருடமே ஒவ்வொரு கூடாக வெறுமையாகிக்கொண்டிருந்தது. எனக்கு இரவில் நித்திரை இல்லை. எங்கள் பொறுப்பில் இது அழிந்தால் உங்கள் படத்துக்கு முன்னால் எப்படி நின்று விளக்கு ஏற்றுவது?

யாருக்கு லாபம் என்று யோசித்தேன், பழைய உத்தியோகப் பழக்கம். பறவை கூடு கட்டுகிற இடத்தில் கை வைப்பது கஷ்டம். ஆட்கள் சத்தம் போடுவார்கள். பறவை போய்விட்டால் அது வெறும் காணி. அப்படி யோசித்தால் கணக்கு ஒரு ஆளிடம்தான் போய் நிற்கிறது.

ஒரு வேலைநாள் காலையில் பால் வாங்கப் போன வழியில் பார்க்கை எட்டிப் பார்த்தேன். ரவீந்திரன் கயிற்றுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கையில் மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடி, அதன் நுனியில் ஏதோ கறுப்புத் துணி. தடியை மரத்துக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். காலடியில் வாய் கட்டிய ஒரு சொப்பிங் பை. என்னைக் கண்டதும் தடியை இறக்கிப் பையைத் தூக்கி முதுகுப் பக்கம் மறைத்தார். பைக்குள் என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அக்கா, குப்பை" என்றார். ஞாயிற்றுக்கிழமைக் குப்பையை ஏன் வேலைநாளில் பொறுக்குகிறார், அதுவும் ஒருவரும் போகக் கூடாத இடத்தில்?

ஞாயிறு வேலை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிற நேரம், நான் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அளந்தது, படம் பிடித்தது, வெள்ளம் விசாரித்தது, கொக்கத்தடி, பை. கோர்ட்டில் சொல்கிற மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம் மாறியது. ரவீந்திரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கயிற்றுக்கு உள்ளே போனீரா என்றதற்கு ஓம் என்றார். ஏன் என்றதற்கு, சரி, நான் இனி வரேல்லை என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி வாங்குப் பலகையில் வைத்தார்.

எனக்கு அந்த நேரம் வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. வாசலில் வைத்து அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நாளைக்கு விடிய வெள்ளண ஒருக்கா வந்து பாருங்கோ. தனிய வாங்கோ."

தனியாக வா என்று ஒரு புரோக்கர் சொன்னால் நீங்கள் போவீர்களா? நான் போனேன். ஆனால் சமையலறையில் இருந்த பூரிக்கட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சிரிக்காதேயுங்கள்.

சருகு உரம் போடுகிற குழிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலால் ஒரு பெண் வந்தாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி, ஒரு துண்டு வாழையிலை. நடையைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன்.

அது அக்கா.

அவள் நேரே மருதமரத்துக்குப் போனாள். எங்கள் கயிற்றைக் கோயில் வாசலைக் கடக்கிற பக்குவத்தோடு தூக்கி, குனிந்து உள்ளே போனாள். உங்கள் நீலக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இலையைப் போட்டுச் சோறு வைத்து, மரக்கறி வைத்து, கா கா என்று கூப்பிட்டாள். கூரைகளில் இருந்தும் வயர்களில் இருந்தும் காகங்கள் வந்து இறங்கின. எங்கள் பார்க்கில் இவ்வளவு காகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. அதில் ஒன்று காலை இழுத்து இழுத்து நடந்தது, கடைசிக் காலத்தில் உங்கள் இடது முழங்கால் இழுத்த மாதிரி. அது கதிரையின் கைப்பிடியில் ஏறி நின்றது.

"இஞ்சேருங்கோ, எங்கட மகன் நேற்று கோல் எடுத்தவன். பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுதாம்" என்று அக்கா அந்தக் காகத்துக்குச் சொன்னாள். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

நீங்கள் போனதில் இருந்து அவள் உங்கள் பெயரைக் கூட எடுக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே. எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பேரனின் பல், லிப்ட் பழுதானது, என் இரத்த அழுத்தம் எல்லாம். நான் அந்தக் குழிக்குப் பின்னால் பூரிக்கட்டையோடு இருந்து அழுதேன்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அவள் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கண்டதைக் கண்டிருப்பாள். சோறு முடிந்ததும் காகங்கள் மரத்துக்குள் ஏறின. ஒன்று தாய்ப்பறவையின் வாலைப் பிடித்து இழுத்தது. தாய் கோபத்தோடு திரும்ப, மற்றக் காகம் முட்டையைக் கொத்திக்கொண்டு போனது. எல்லாம் ஒரு பழகின வேலை போல நடந்தது.

ரவீந்திரன் பின்பக்கத்தால் வந்தார். கொக்கத்தடியைத் தூக்கிக் கறுப்புத் துணியை ஆட்டிக் காகங்களைக் கலைத்தார். பிறகு இலையையும் சிந்தின சோற்றையும் வழித்துப் பைக்குள் போட்டார். நான் வெளியே வந்தேன். ஏன் ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன், கோபமாகத்தான். அத்தனை ஆட்களுக்கு முன்னால் என்னை முட்டாளாக்கிவிட்டாரே.

"அந்த அம்மா கதைக்கிறதை நான் ஒருநாள் கேட்டிட்டன் அக்கா. கேட்ட பிறகு ஆக்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் சகோதரி. நீங்கள் பாத்தால் போதும் எண்டு நினைச்சன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கிற மாதிரிக் கேட்டேனா என்பது வேறு விசயம். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் என் பிழை என்று மட்டும் சொல்லி, அவர் கையுறையை அவரிடமே எடுத்துக் கொடுத்தேன். சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னதாகவும், மதில் ஓரமாக முணுமுணுத்தது தேவாரம் என்றும் பிறகு சொன்னார். தேவாரத்தை நம்புகிறேன். வாசலை ஏன் படம் பிடித்தார், வெள்ளத்தின் உயரத்தை ஏன் கேட்டார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கண்ணை நான் மூடவில்லை.

அக்காவிடம் போய்ச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அவளைப் பார்க்கில் கண்ட அன்று பின்னேரமே போனேன். இழப்பீடு இல்லை என்று எத்தனை பேரின் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்? அன்றைக்கு என் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். மழையைப் பற்றிக் கதைத்தேன். அவள்தான் என்னைக் கூர்ந்து பார்த்து, என்ன பவா, ஆரைப் பிடிச்சனி இன்றைக்கு என்று கேட்டாள். உன்னைத்தான் என்று வாயில் வந்துவிட்டது.

அவள் மறுக்கவில்லை. மாடத்தில் சோறு வைத்தால் காகம் எச்சமிடுகிறது என்று மேல்மாடி ஆட்கள் முறைப்பாடு செய்ய, நிர்வாகம் லிப்டுக்குள் அறிவித்தல் ஒட்டிவிட்டதாம். அதைப் பார்த்துத்தான் பார்க்குக்குப் போயிருக்கிறாள். போன அன்றைக்குத்தான் கயிற்றைக் கண்டிருக்கிறாள்.

"உங்கட ஆக்கள் அவரிட கதிரையைச் சுத்திக் கயிறு கட்டி, ஒருத்தரும் மிதிக்காமல் இடம் ஒதுக்கி வச்சிருக்கினம் எண்டு நினைச்சன். எனக்கு அண்டைக்குத்தான் அந்த இடத்தில இருந்த கோவம் போனது, பவா."

அத்தான், இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் சட்டம் தெரிந்த எவரும் அந்தக் கயிற்றைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அது தெரியாத ஒரே ஆள் உங்கள் மனுஷி. பறவைக்குக் கட்டிய கயிற்றை அவள் உங்களுக்குக் கட்டியது என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொண்டது பிழையென்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இருந்தும் சொன்னேன். கூடுகளைப் பற்றி, முட்டையைப் பற்றி, ஒரேயொரு கூடுதான் மிச்சம் என்பதைப் பற்றி. வேறு இடத்தில் வை அக்கா என்றேன். அவள் முகம் கல்லாகிவிட்டது. வேற எங்க வருவார், உயிரோட இருக்கேக்கை வீட்டில தங்கினவரோ என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டை நில்லுங்கோ எண்டு எத்தனை தரம் கேட்டிருப்பன் தெரியுமே என்றாள். அந்த மரத்துக்குக் கீழதான் அவர் இருப்பார், எனக்குத் தெரியும், நீ போ என்றாள். கதவைக் கூட அவள் சாத்தவில்லை, நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை நானும் ரவீந்திரனும் பார்க்கில் நின்றோம். அக்கா வழக்கம் போல வந்தாள், கையில் அதே பெட்டி. என் பேச்சு எடுபடவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவள் கயிற்றடியில் நின்றுவிட்டாள். உள்ளே போகவில்லை. முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தாள். மேலே கடைசிக் கூட்டில் தாய்ப்பறவை சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

காலிழுக்கிற காகம் கதிரைக்கு வந்தது. சோற்றுக்காகப் பார்த்தது. சோறு வராததால் எழும்பி, கிளைக்குக் கிளை தாவி, அந்தக் கூட்டுக்கு அருகே போய் நின்றது. இன்னொரு காகமும் மற்றப் பக்கத்தால் வந்தது. நான் ரவீந்திரனைப் பார்த்தேன். அவர் தடியைத் தூக்க முதல் அக்கா பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, அவர் கையில் இருந்து கொக்கத்தடியைப் பறித்தாள். கயிற்றுக்கு வெளியில் நின்றபடியே அதை உயர்த்தினாள். கறுப்புத் துணி அங்குமிங்கும் ஆடியது.

"இஞ்சேருங்கோ, வெக்கமில்லையே உங்களுக்கு? உங்கட குஞ்சுகள் எல்லே அதுகள். விடுங்கோ. இறங்கி வீட்டை போங்கோ."

காகம் பறந்தது. கால்வாயைத் தாண்டி, கூரைகளுக்கு மேலால் போய் மறைந்தது. அக்கா தடியைப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏசி அனுப்பியவளின் முகமாக அது இருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது?

அந்தக் கடைசிக் கூட்டில் குஞ்சுகள் பொரித்துவிட்டன, அத்தான். தலைமயிர் எழும்பி நிற்கிற அவலட்சணமான குஞ்சுகள். பசித்தால் கர்ர் என்று கத்துகின்றன, கபரகொய்யாவே திரும்பிப் பார்க்கிறது. நாங்கள் முறை போட்டுக் காவல் நிற்கிறோம். சோறு இல்லாததால் காகக் கூட்டமும் கலைந்துவிட்டது. மாலினி ஒரு நாளைக்கு இரண்டு தரம் வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அக்காவைச் சொல்ல வேண்டும். அவள் இப்போது காலையில் தன் சமையலறை யன்னலில் சோறு வைக்கிறாள். ஒரு வாழையிலைத் துண்டு, சோறு, உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி. வைத்துவிட்டு, காகம் பயப்படும் என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறாள். வேறு காகங்கள் வந்து தின்றுவிட்டுப் போகின்றன. அவற்றோடு அவள் கதைப்பதில்லை. காலிழுக்கிற அந்தக் காகம் அன்றைக்குப் போனது போனதுதான். இன்னும் வரவில்லை. நான் ஏசினது கூடிப்போச்சோ பவா என்று நேற்றுக் கேட்டாள்.

நான் நம்பாதவள். அது ஒரு காகம், அதன் கால் ஏதோ வயரில் அடிபட்டிருக்கும், அவ்வளவுதான் என்று என் புத்தி சொல்கிறது. உங்களை அந்தக் காகத்தில் கண்டேன் என்று நான் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்க மாட்டேன். இருந்தும் இதை எழுதுகிறேன், பார்த்தீர்களா? ஒருவேளை நீங்களாக இருந்தால் என்ன செய்வது? அவள் ஏசினதில் கோவித்துக்கொண்டு எங்கேயாவது கம்பத்தில் குந்திக்கொண்டிருக்கிறீர்களா? அவள் உங்களை ஏசியா அனுப்பினாள்? வீட்டுக்குப் போங்கோ என்றுதானே சொன்னாள். வாழ்நாள் முழுக்க அவள் உங்களிடம் கேட்டதும் அது ஒன்றுதானே?

நான் சத்தியம் செய்து தருகிறேன். மேல்மாடி ஆட்களையும் நிர்வாகத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அவர்கள் இன்னும் என்னோடு வாய் கொடுத்துப் பார்க்கவில்லை. எச்சத்தை நானே கழுவுகிறேன். ரவீந்திரனின் மேல் ஒரு கண்ணும், கூட்டின் மேல் மற்றக் கண்ணும் வைத்திருக்கிறேன். குஞ்சுகள் பறக்கும்வரை கயிறு அவிழாது. ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வரத் தேவையில்லை. பார்க்கை இனி நான் பார்க்கிறேன் அத்தான். நீங்கள் வீட்டுக்குப் போங்கள், அக்கா சோறு வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

என்றும் உங்களை நம்பியும் நம்பாமலும் இருக்கிற
உங்கள் மச்சாள்,
பவானி
வெள்ளவத்தை